நடு வரிசையில் ஏழு எழுத்து

ஹார்லோ ஃபால்ஸ், அயோவா
24 ஜனவரி 1999, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உறுதியான செய்தியை முதலில் சொல்கிறேன். இந்த ஊர் வாரப் பத்திரிகையான ‘பீக்கன்’, இனி ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முழுப் பக்கத்தைக் குறுக்கெழுத்துப் புதிருக்கு ஒதுக்கப்போகிறது. முதல் புதிர்ப் பக்கம் வசந்தகாலத்துக்கு. ஏப்ரல் 29, வியாழக்கிழமை இதழில் வரும். சொன்னவர் ஆசிரியர் டேல் ப்ரூயிட். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, அவருடைய மேசைக்கு எதிரே நான் நின்றுகொண்டிருந்தபோது சொன்னார். அன்று மாலையே குறித்து வைத்தேன்.

புதிரை யார் அமைப்பது என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “நீங்கதான் பண்ணணும் எக்ரெம். நவம்பர்ல வான்கோழிப் புதிர் போட்டோம்ல, இன்னும் ஜனங்க கேக்குறாங்க. மளிகைக் கடையில நிறுத்தி வச்சுக் கேக்குறாங்க.”

சரி என்று சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. டிசம்பரிலிருந்து இந்த மாவட்டத்தை நடத்தும் கவுண்டி வாரியத்தின் கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில், இறைச்சி ஆலையில் என் முறை இரண்டரை மணிக்கு முடிந்ததும், கையைக் கழுவிவிட்டு நேராகப் போகிறேன். என் ஆங்கிலத்தை ப்ரூயிட் திருத்துகிறார். வாரத்துக்கு வாரம் குறைவாகத் திருத்துகிறார். செய்தி பெயரில்லாமல் வருகிறது. “வசந்தம் வரைக்கும் பாப்போம். சரியா வந்தா நிருபர் வேலை உங்களுக்கு” என்றிருக்கிறார். நம் ஊர் தூஸ்லாவில் இருபத்திரண்டு வருடம் நிருபராக இருந்தவன், போர் வந்த பிறகு ஏழு வருடம் ஒரு வரி எழுதாமல் இருந்தேன். உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உன் அட்டைகள் வேண்டும் அக்கா. வசந்தகாலச் சொற்கள், மரபுத்தொடர்கள் இருக்கும் கட்டு மட்டும் போதும். ஒரு கட்டம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது.

நூலகத்தில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. திருமதி வெர்லீன் ஹாகன் இந்த வாரம் குளிர்கால மரபுத்தொடர்கள் தாள் கொடுத்தார். முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்குவதை இவர்கள் ‘பனிக்கட்டியை உடைப்பது’ என்கிறார்களாம். ஹய்ருதீன் எழுந்து சொன்னான்: “நாலு வருஷமா தினம் காலையில கார் கண்ணாடியில உடைச்சுட்டுதான் இருக்கேன் டீச்சர். ஒருத்தனும் பேச வரல.” வெர்லீன் சிரித்ததில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

ஹாமில்டனில் குளிர் எப்படி? உன் பெண் ஜெனிதாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
எக்ரெம்


ஹாமில்டன், ஒண்டாரியோ
9 பிப்ரவரி 1999

எக்ரெம்,

உன் கடிதத்தில் ஐந்து விதமான தேதியும் நேரமும் இருக்கின்றன. நவம்பர் 19 மட்டும் இல்லை.

இருபத்தாறு வருடம் நான் புதிர் அமைத்தவள். நம் பழைய நாட்டின் வடகோடி சுபோடிட்சா முதல் தென்கோடி ஒஹ்ரிட் வரை ரயிலில் முழங்கால் மேல் வைத்து என் கட்டங்களை நிரப்பினார்கள். ஒவ்வொன்றின் கீழும் என் பெயர் இருந்தது. நம் தொழிலில் கட்டத்தைத் திருடலாம், சொல்லைத் திருடலாம், யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். பெயரை எடுத்தால் அவனோடு யாரும் காப்பி குடிக்க மாட்டார்கள். பத்திரிகையில் இருந்த உனக்கு இது தெரியும்.

நன்றி நவிலும் திருநாளுக்காக நான் அமைத்த கட்டம், அறுபத்திரண்டு சொல். ஒன்றரை வருடம் வெர்லீனின் தாள்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அட்டையில் எழுதி, பருவம் பார்த்துப் பிரித்து, நான் அமைத்த முதல் ஆங்கிலக் கட்டம். வான்கோழியின் கழுத்தில் தொங்கும் சதைக்குக்கூட எனக்கு ஆங்கிலம் தெரியும். நவம்பர் 19 அன்று இதழைப் பிரித்தேன். கீழே ‘அமைத்தவர்: எக்ரெம்’.

கட்டமும் என்னுடையதாக இல்லை. தூஸ்லாவைக் காணோம். கறாராகச் சொன்னால், நம் ஊர் வண்டிகளின் எண்பலகையில் இருந்த இரண்டு எழுத்தைக் காணோம். இருபத்தாறு வருடத்தில் அந்த இரண்டு எழுத்து இல்லாமல் நான் ஒரு கட்டம் முடித்ததில்லை. போன வருடம் பிப்ரவரியில் அங்கே எண்பலகைகளை மாற்றினார்கள். போர் முடிந்த நாட்டில் எந்த ஊர் வண்டி என்று தெரியக் கூடாதாம், ஊர் எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். அங்கே அவர்கள் எடுத்தார்கள். இங்கே நீ எடுத்தாய்.

அட்டை அனுப்ப மாட்டேன்.

போன வாரம் இங்கேயும் பெருச்சாளி மாதிரிக் கொழுத்த அந்தக் கிரவுண்ட்ஹாக்கை வளையிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். அது தன் நிழலைப் பார்த்துப் பயந்து உள்ளே ஓடிவிட்டால் இன்னும் ஆறு வாரம் குளிர் என்று கணக்கு. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகம் நினைவுக்கு வந்தது.

மெவ்லிதா


ஹார்லோ ஃபால்ஸ்
28 பிப்ரவரி 1999, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நவம்பர் 2, திங்கள். உன் கட்டத்தை எடுத்துக்கொண்டு பீக்கன் அலுவலகத்துக்குப் போனேன். உனக்குக் காய்ச்சல், அதனால் நான் போனேன். ப்ரூயிட் தாளைப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பினார், மறுபடி நேராக வைத்தார். “இது பாதி கட்டின வீடு மாதிரி இருக்கே” என்றார். இங்கே குறுக்கெழுத்துக் கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்க வேண்டுமாம். இரண்டு எழுத்துச் சொல் கூடவே கூடாதாம். நம் ஊரில் கறுப்புக் கட்டம் எங்கே விழுந்தாலும் யாரும் கேட்டதில்லை. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை. காரணம், நீ அதைக் கிழித்துப் போட்டிருப்பாய். இது ஊகம் இல்லை. 1988-இல் பெல்கிரேடிலிருந்து ஒரு கட்டம் திரும்பி வந்தபோது நீ என்ன செய்தாய் என்று நேரில் பார்த்தவன் நான்.

இரண்டு ஞாயிறு உட்கார்ந்து சரிசெய்தேன். அறுபத்திரண்டு சொல்லில் ஆறை மாற்றினேன். அதில் நான்கு, இரண்டெழுத்துச் சொற்கள். தூஸ்லா அதில் ஒன்று. மற்ற ஐம்பத்தாறும் உன்னுடையவை.

பெயர் விஷயம்: தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான் என்பதால் அவர் என் பெயரைப் போட்டுவிட்டார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தவறுதான். ஆனால் அலுவலகத்தில் நடக்கிற தவறு.

இதற்காக நீ டிசம்பர் 3 காலைப் பேருந்தில் ஏறிப் போயிருக்க வேண்டியதில்லை.

மார்ச் மாதக் கடைசிக்குள் ப்ரூயிட் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். நானே முயன்று பார்த்தேன். ஐந்துக்கு ஐந்து வரை வந்தது.

எக்ரெம்


ஹாமில்டன்
14 மார்ச் 1999

எக்ரெம்,

வெர்லீன் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு பக்கக் கடிதம். ஆங்கிலத்தில். படிக்க அரை மணி நேரம் ஆனது, ஒரு சொல்லுக்குக்கூட ஜெனிதாவைக் கூப்பிடவில்லை. அதில் ஒரு வரியை உனக்காகச் சொல்கிறேன். நவம்பர் 20 அன்று ப்ரூயிட் வகுப்புக்கு வந்தாராம். எல்லோர் முன்னாலும் உன்னிடம் “இதை முழுசா நீங்களே பண்ணீங்களா?” என்று கேட்டாராம். நீ “ஆமா” என்றாயாம். எல்லோரும் கைதட்டினார்களாம். “அன்றைக்கு நீங்களும் வந்து உங்கள் தம்பியைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு பெருமையாக இருந்தார்” என்று அந்த நல்ல மனுஷி எழுதியிருக்கிறார்.

‘அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.’ இருபத்திரண்டு வருட நிருபரின் வாக்கியம்.

இந்த மொழியில் இதற்கும் ஒரு பறவை வைத்திருக்கிறார்கள். விழா நாளில் வான்கோழி தின்கிறார்கள். தப்பு செய்துவிட்டு எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறவனைக் காக்கை தின்றவன் என்கிறார்கள். என் நவம்பர்க் கட்டு, பதினேழாம் அட்டை.

இத்துடன் ஒரு கட்டம் இருக்கிறது. பதினைந்துக்குப் பதினைந்து. எழுபத்து நான்கு சொல். கறுப்புக் கட்டம் முப்பத்தாறு. தலைகீழாகத் திருப்பிப் பார். இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. விதி இதுதான் என்று நவம்பரில் சொல்லியிருந்தால் நவம்பரிலேயே செய்திருப்பேன். கிழித்திருப்பேன், உண்மை. மறுநாள் புதிதாக வரைந்திருப்பேன். பெல்கிரேடுக்கும் அதைத்தான் செய்தேன், அந்தப் பாதி உனக்கு நினைவில்லை.

பொருள், மே முதல் தேதிக் கூடை. உனக்கு மறந்திருக்காது. 1997. அந்த ஊருக்கு நான் வந்து நான்கு மாதம். வாசல் மணி அடித்தது, யாரோ ஓடும் சத்தம், படியில் ஒரு பொட்டலம். நான் ஜன்னலில் பார்த்துச் சொன்னதும் நீ கத்தினாய்: “யாரும் கதவைத் தொறக்காதீங்க! சுவரோரமாப் போங்க!” மாடிக்கு ஓடி, ஜன்னல் வழியாக வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாய். நாலு வருடம் ஷெல் விழுந்த ஊரிலிருந்து வந்த நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன், நீ சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. பிறகு கராஜுக்குப் பின்னாலிருந்து அறுபது வயது வெர்லீன் எட்டிப் பார்த்தார். தரையில் சோளப்பொரி, வயலட் பூ, நனைந்த காகிதக் கூம்பு. “முப்பது வருஷமா வீடு வீடா வைக்கிறேன். வச்சுட்டு ஓடணும், நீங்க துரத்திப் பிடிக்கணும், அதான் விளையாட்டு. தண்ணி ஊத்தின வீடு இதான் மொதல்” என்றார். நான் ஆங்கிலத்தில் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்கு.

நடு வரிசையைப் பார். இடப்பக்கம் நான்கு கறுப்பு, வலப்பக்கம் நான்கு கறுப்பு, நடுவில் ஏழு எழுத்து. குறிப்பு: ‘இந்தப் புதிரை அமைத்தவள்’. விடை என் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக ஏழு வரும். அந்த ஏழு எழுத்தையும் மேலிருந்து கீழாக ஓடும் ஏழு நெடுக்குச் சொற்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஏழு சொல்லையும் மேலும் கீழும் இன்னொரு இருபது பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள். எடுக்க முடியாவிட்டால், ப்ரூயிட்டிடம் போய் நவம்பர் யாருடையது என்று சொல். இரண்டில் ஒன்று.

உன் வேலை போகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மெவ்லிதா


ஹார்லோ ஃபால்ஸ்
28 மார்ச் 1999, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

கடிதம் 20 சனிக்கிழமை காலை வந்தது. அன்று முழுக்கவும் மறுநாள் மதியம் வரையும் உன் பெயரை எடுக்க முயன்றேன். இதை மறைத்தால் மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. பதினோரு தடவை முயன்றேன். முதல் எழுத்தை மாற்றினால் மேலே மூன்று சொல் சாகிறது. அவற்றை மாற்றினால் கூடை போகிறது. கூடை போனால் புதிரே இல்லை. பதினோராவது தடவை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, இவ்வளவு நன்றாகக் கட்டிய ஒன்றை நான் இந்த நாட்டில் பார்க்கவில்லை. வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திங்கள், மார்ச் 22, பிற்பகல் மூன்று மணிக்கு ப்ரூயிட்டைப் பார்த்தேன். அவர் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

“டேல், நவம்பர் புதிர் நான் பண்ணல. எங்க அக்கா பண்ணாங்க. மெவ்லிதான்னு பேரு.”

“ஏதோ உதவி பண்ணாங்கன்னு சொல்றீங்களா?”

“இல்ல. அவங்க பண்ணாங்க, நான் ஆறு சொல்லை மாத்தினேன்.”

ஆப்பிளைத் தாளின் மேல் வைத்தார். “நான் வகுப்புல வந்து கேட்டேனே?”

“ஆமான்னேன். பொய்.”

“எதுக்கு எக்ரெம்?”

இதற்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது வேறு. “நாலு வருஷமா இந்த ஊர்ல கத்தியும் கையுமா நிக்கிறேன். வேகமா வெட்டுன்னு சொல்வாங்க, நிறுத்துன்னு சொல்வாங்க. அன்னிக்குத்தான் ஒருத்தர் இது நீங்க பண்ணதான்னு கேட்டார். எனக்கு ஆமான்னு சொல்லணும்போல இருந்துச்சு.”

அவர் ஆப்பிளைக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். “கவுண்டி போர்டுல யார் என்ன சொன்னாங்கன்னு நீங்க எழுதுறதை இந்த ஊரு நம்பிப் படிக்குது. இதுவரைக்கும் ஒருத்தரும் தப்புன்னு போன் பண்ணல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. இப்ப நான் என்ன பண்ண?”

“திருத்தம் போடுங்க.”

“போட்டா உங்க பேரு கெடும். சின்ன ஊரு.”

“போடுங்க.”

என்னையே எழுதச் சொன்னார். நின்றபடியே எழுதினேன். நான்கு வரி. என்ன வந்தது, எது தவறு, எது சரி. தூஸ்லாவில் மற்றவர்களின் தவறுகளுக்கு எத்தனை திருத்தம் எழுதியிருப்பேன், கணக்கில்லை. அவர் படித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை அடித்தார். அது ‘மிகவும்’.

செவ்வாய்க் கூட்டங்களுக்கு இப்போதைக்குப் போக வேண்டாம் என்றார். “இப்போதைக்கு” என்றுதான் சொன்னார், அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

பிறகு உன் கட்டத்தைக் கொடுத்தேன். தலைகீழாகத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். “இந்த அம்மா நிஜமாவே இருக்காங்களா?” என்றார். நான் வாய் திறப்பதற்குள், “நீங்க சொல்லாதீங்க. நான் அவங்ககிட்ட போன்ல பேசணும். பேசாம இதை அச்சுல ஏத்த மாட்டேன்.” மொழிபெயர்க்க நானும் இணைப்பில் இருக்கட்டுமா என்று கேட்டேன். “நீங்க வேணாம்.” நியாயம்தான்.

ஏப்ரல் 8, வியாழன், உங்கள் நேரம் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார். போனில் ஆங்கிலம் வந்தால் நீ ஜெனிதாவிடம் கொடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். இதை அவளிடம் கொடுக்காதே.

எக்ரெம்


ஹாமில்டன்
11 ஏப்ரல் 1999

எக்ரெம்,

எட்டாம் தேதி ஜெனிதாவை வேலைக்கு அனுப்பிவிட்டேன். “நான் லீவு போடட்டாம்மா? அவர் வேகமாப் பேசினா என்ன பண்ணுவ?” என்றாள். “மெதுவாப் பேசுன்னு சொல்றதுக்கு எனக்கு மூணு விதம் தெரியும், நீ கிளம்பு” என்றேன்.

சமையலறை மேசையில் நாற்பது அட்டைகளைப் பரப்பினேன். பத்து மணி இரண்டு நிமிடத்துக்குப் போன் அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தேன்.

“மெவ்லிதா அம்மாவா?” என்றார்.

எனக்கு வாக்கியம் வரவில்லை. இந்த மொழி எனக்கு எப்படி வந்ததோ அப்படித்தான் வெளியேயும் வரும் போலிருக்கிறது. “நடு வரிசை. ஏழு எழுத்து. நான்” என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் திரும்பும் சத்தம் கேட்டது.

அவர் பேசியதில் பாதியை இங்கே நம் பேச்சில் போடுகிறேன், மீதி எனக்குப் புரியவில்லை. “இந்தக் கூடை வழக்கம் எங்க ஊர்ல உள்ளவங்களுக்கே பாதிப் பேருக்கு மறந்துபோச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அட்டைகளைப் பார்த்தேன். தேவைப்பட்டவை அங்கே இல்லை. தலையில் இருந்ததைச் சொன்னேன். “வாசல். மணி. ஓட்டம். கூடை.” மூச்சு வாங்கிக்கொண்டு, “தம்பி, மாடி. வாளி. தண்ணீர்.”

அவர் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. “ஐயோ, அது நீங்கதானா! வெர்லீன் மேல தண்ணி ஊத்தின வீடு! ரெண்டு வருஷமா ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்குதே!”

“வெர்லீன் மேல் அல்ல. கூடை மேல்” என்றேன். உண்மை உண்மையாக இருக்க வேண்டும். அவர் “சரி, சரி, கூடை மேல” என்றார்.

அதற்குப் பிறகு வேலைப் பேச்சு. முப்பத்து நான்கு நெடுக்கில் ஒரு சொல், வில்லோ மரத்தில் இலைக்கு முன்னால் வரும் பஞ்சுப் பூ. அதை எடுத்துவிடலாமா என்றார். “இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அந்தப் பேரு தெரியாதுங்க. எனக்கே தெரியாது.”

“இல்லை” என்றேன்.

“கஷ்டமா இருக்குமே?”

“உங்கள் ஊரில் நூலகம் இருக்கிறது” என்றேன். எக்ரெம், அந்த வாக்கியத்தில் எழுவாயும் இருந்தது, வினைச்சொல்லும் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“சரிங்கம்மா. இருக்கட்டும்” என்றார். வைப்பதற்கு முன் உன்னைப் பற்றி ஏதோ கேட்டார். கூட்டங்கள், நம்பிக்கை என்ற சொற்கள் புரிந்தன. உனக்காகப் பரிந்து பேச என்னிடம் சொல் இல்லை. பொய்யாகப் பேசவும் மனமில்லை. “நவம்பர், கெட்டது. மார்ச், நல்லது” என்றேன். அதற்கு மேல் கேட்காதே, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெர்லீன் அனுப்பிய ஏப்ரல் 1 இதழ் வந்து சேர்ந்தது. இரண்டாம் பக்கம், கீழே, இடது மூலை. நான்கு வரி. என் பெயரும் உன் பெயரும் இருக்கின்றன, நடுவில் ‘அல்ல’ என்ற சொல் இருக்கிறது. நீ தூஸ்லாவில் எழுதிய பெரிய பெரிய கட்டுரைகளை நம் வீட்டில் வெட்டி வைத்திருந்தோம். சுரங்க விபத்துக்கு நீ மூன்று நாள் அங்கேயே கிடந்து எழுதியதை நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன், உனக்குத் தெரியாது. இந்த நான்கு வரியை நேற்று பேக்கரிக்காரியிடம் காட்டினேன். அவள் போர்த்துகீசியக்காரி. “இது யாரு?” என்றாள். “என் தம்பி. அவனே எழுதினான்” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் ஒரு ரொட்டி கூடுதலாகப் போட்டாள்.

வசந்தகாலக் கட்டு முழுவதையும் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். எண்பத்தொன்பது அட்டை. தண்ணீர் ஊற்றாதே.

உன் அக்கா,
மெவ்லிதா


ஹார்லோ ஃபால்ஸ்
25 ஏப்ரல் 1999, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

அச்சுக்குப் போகும் முன் பக்கத்தின் மெய்ப்பைப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 23, நாலரை மணி. ப்ரூயிட் கூப்பிட்டுக் காட்டினார். முழுப் பக்கம். மேலே தலைப்பு, அதற்குக் கீழே உன் முழுப் பெயர், தலைப்பைவிடக் கொஞ்சம் சிறிய எழுத்தில். அதற்கும் கீழே அவரே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: நவம்பர்ப் புதிரையும் அமைத்தவர் இவரே. நான் கேட்கவில்லை. உன் குறிப்புகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. மெய்ப்பை இரண்டு தடவை கட்டம் கட்டமாகச் சரிபார்த்தேன். பிழை இல்லை.

பொட்டலம் வந்தது. எண்பத்தொன்பது சரியாக இருக்கிறது.

அனுமதி வாங்கிக்கொண்டு, மெய்ப்பைப் பிரதிகள் எடுத்து, நானும் வெர்லீனும் நேற்றைய வகுப்பில் கொடுத்தோம். பன்னிரண்டு பேர், மூன்று மேசை, இரண்டு மணி நேரம். குவாத்தமாலாக்காரர்கள் மேசை முதலில் பாதியைத் தாண்டியது. நடு வரிசைக்கு வந்ததும் ஹய்ருதீன் மேசையைத் தட்டினான். “நம்ம மெவ்லிதா அக்கா! அமெரிக்காக்காரன் பேப்பர்ல நம்ம அக்கா பேரை எழுதினாத்தான் மத்த சொல்லே வரும் போலிருக்கே!” பிறகு என் பக்கம் திரும்பி, “இதைப் பாத்தப்பறம் எனக்கு நம்பிக்கை வருது. அந்தத் திருத்தம் ஏப்ரல் ஒண்ணாந்தேதி வந்ததால, முட்டாள்கள் தின விளையாட்டுன்னு நினைச்சுட்டேன். நீ போய் தப்புன்னு ஒத்துக்குறதாவது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முப்பத்து நான்கு நெடுக்கை யாரும் போடவில்லை. வெர்லீனும் போடவில்லை. அவர் மாடிக்குப் போய், நூலக அகராதியைப் பார்த்துவிட்டு வந்து, தன் தாளில் மட்டும் எழுதிக்கொண்டார். மற்றவர்களுக்குக் காட்ட மறுத்துவிட்டார்.

ஆலையில் இந்த வாரம் நிறையப் பேர் கேட்டார்கள், ஏன் செவ்வாய்க்கிழமைகளில் நேராக வீட்டுக்குப் போகிறாய் என்று. காரணத்தைச் சொன்னேன். திருத்திச் சொல்லவில்லை, சுருக்கவும் இல்லை. சொல்லும்போது குரல் கீழே இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை.

இனி நிலுவையில் இருப்பவை. உன் பக்கம் வரும் 29 வியாழக்கிழமை காலை கடைகளுக்குப் போகிறது, மூன்று பிரதி அன்றே உனக்கு அஞ்சலில் வரும். விடைகள் மே 6 இதழில். கோடைப் பக்கத்துக்கு, ஜூலை நான்காம் தேதி விழாவைப் பொருளாக வைத்து, ப்ரூயிட் உன்னையே கேட்கப்போகிறார், மே மாதம் இரண்டாம் வாரம் போன் வரும். இது அவர் வாயால் சொன்னது.

என் விஷயம் முடிவாகவில்லை. பத்திரிகையின் உரிமையாளர் ஃப்ளோரிடாவிலிருந்து மே 2 திரும்புகிறார். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாக ப்ரூயிட் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் சாயும் என்று அவர் முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை, நானும் எடுக்க முயலவில்லை.

இந்த ஊர்ப் பத்திரிகையில் என் பெயர் இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒன்று நவம்பர் 19, நான் செய்யாததற்குக் கீழே. இன்னொன்று ஏப்ரல் 1, இரண்டாம் பக்கம், கீழே, இடது மூலை. இரண்டாவதைத்தான் வெட்டி, ஆலையில் என் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது தடவை, நிருபராக, வருமா என்பது மே 3, திங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு ப்ரூயிட்டைப் பார்க்கும்போது தெரியும்.

உன் தம்பி,
எக்ரெம்